புது கிரிக்கெட் கேமை முதல் நாளே வாங்குவதா, முந்தைய பதிப்பையா? சேவ் ஃபைலை வைத்து முடிவெடுங்கள்

கெரியர் மோடில் ஐந்தாறு சீசன் ஆடி, உள்ளூர் அணியிலிருந்து படிப்படியாக டெஸ்ட் அணி வரை ஒரு வீரனைக் கொண்டுவந்த பிறகு, அடுத்த அப்டேட் இறங்கியதும் சேவ் (ஆடிய நிலையைப் பதிந்து வைத்திருக்கும் ஃபைல்) திறக்காமல் போனால் வரும் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஃபீல்டர் பந்தை விட்டதை மன்னிக்கலாம், ஸ்கோர்போர்டில் பெயர் தப்பாக வந்ததையும் மன்னிக்கலாம். எண்பது மணி நேர உழைப்பு போனதை மன்னிக்க முடியாது. அதனால் இந்த ஒப்பீட்டில் கிராஃபிக்ஸ், ஸ்டேடியம், கமெண்ட்ரி எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டிவிட்டு, சேவ் ஃபைலைக் காப்பாற்றும் விஷயத்தில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்ச் (கோளாறைத் திருத்தும் அப்டேட்) எல்லாம் வந்து அடங்கிய முந்தைய பதிப்பு, அதுவும் பிசியில். பிசி இல்லை என்றால் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) பதிப்பு, பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் பிறகு.

புதுசு ஏன் எப்போதும் கோளாறோடு வருகிறது

இஏ ஸ்போர்ட்ஸ் 2006 இறுதியில் வந்த கிரிக்கெட் 07-ஓடு இந்தப் பக்கமே திரும்பவில்லை. இன்று பிசி, கன்சோலுக்கு முழு அளவிலான கிரிக்கெட் கேம் என்றால் மெல்பர்னில் உள்ள பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ்தான். 2014-ல் டான் பிராட்மன் கிரிக்கெட் 14, 2017-ல் ஆஷஸ் கிரிக்கெட், 2019-ல் கிரிக்கெட் 19, பிறகு 22, 24 என்று வரிசையாக அவர்களுடையவை. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் ரசிகனுக்குத் தேர்வு என்று இருப்பதே புதுசா பழசா என்பதுதான்.

இதில் கிரிக்கெட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கால்பந்து கேமில் ஒரு மேட்ச் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சோதிப்பவர் ஒரே நாளில் முப்பது மேட்ச் ஆடிவிடலாம். டெஸ்ட் மேட்ச் ஐந்து நாள், நாளுக்கு 90 ஓவர், நான்கு இன்னிங்ஸ். ஃபாலோ ஆன் கொடுத்து, மழை குறுக்கிட்டு, ஒன்பதாவது விக்கெட்டோடு கடைசி நாள் மாலை வரை போகும் ஆட்டத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறை வெளியீட்டுக்கு முன்பே பிடிப்பது கடினம். அந்தச் சோதனையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் செய்கிறார்கள். மறுபக்கம், வெளியீட்டுத் தேதியை ஆஷஸ் (இங்கிலாந்து, ஆஸ்திரேலியா டெஸ்ட்) தொடரோடு கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், அது எப்போதும் நடப்பதில்லை. கிரிக்கெட் 22-ஐ 2021 நவம்பர் 25-லிருந்து டிசம்பர் 2-க்குத் தள்ளினார்கள், அட்டையில் படம் இருந்த, அந்நேரம் பதவி விலகிய ஆஸ்திரேலிய டெஸ்ட் கேப்டன் டிம் பெய்ன் விவகாரத்தால். ஆஷஸின் அதிகாரபூர்வ கேமான கிரிக்கெட் 24, அந்தத் தொடர் ஜூலை 31-ல் முடிந்த பிறகு 2023 அக்டோபர் 5-ல்தான் கடைக்கு வந்தது. நாள் நெருங்கும்போது மிச்சமிருக்கும் வேலை பேட்ச்சுக்குப் போகும்.

இதன் உச்சம் ஆஷஸ் கிரிக்கெட் 2013. டிரிக்ஸ்டார் கேம்ஸ் செய்து 505 கேம்ஸ் வெளியிட்டது. 2013 நவம்பரில், பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வந்தது. பக்கத்திலேயே உருளும் பந்தைக் கண்டுகொள்ளாமல் ஃபீல்டர் நிற்கும் வீடியோக்கள் உடனே பரவின. சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஸ்டீமில் இன்றுள்ள ரீஃபண்ட் முறை 2015 ஜூனில்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வெளியீட்டாளர் தாமாக முன்வராமல் இருந்திருந்தால் அந்தப் பணம் திரும்பியிருக்காது.

அம்சங்களில் யார் மேல்?

சந்தேகமே இல்லாமல் புதுசுதான். உதாரணத்துக்கு 22-ஓடு ஒப்பிட்டால் 24-ல் ஸ்டேடியங்கள் அதிகம், ஸ்கேன் செய்த முகங்கள் அதிகம், ஐபிஎல் அணிகள் பலவும் உரிமத்தோடு உள்ளே வந்தன. ஆனால் இந்திய தேசிய அணிக்கு 22-லும் உரிமம் இல்லை, 24-லும் இல்லை. இந்தியாவாக ஆடவேண்டும் என்றால் இரண்டிலுமே அகாடமிக்கு (வீரர்களையும் அணிகளையும் உருவாக்கிப் பகிரும் பகுதி) போய், ரசிகர்கள் செய்துவைத்த அணியை இறக்கித்தான் ஆடவேண்டும். அங்கே 22-க்கு முகம், ஜெர்சி, பேட் ஸ்டிக்கர் வரை திருத்தித் திருத்தி மெருகேற்றிய அணிகள் கிடைக்கின்றன. புதுப் பதிப்பின் முதல் வாரத்தில் இறக்கும் அணியில் பாதிப் பேருக்குக் கற்பனை முகம்தான் இருக்கும். இந்திய ரசிகனுக்கு உரிமப் பட்டியல் என்ற வாதம் பாதிக்குமேல் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

சேவ்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

சேவ் கெடுவதற்குப் பொதுவாக மூன்று வழிகள். ஆட்டோசேவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கேம் கிராஷ் ஆவது அல்லது கரண்ட் போவது முதல் வழி. கெரியர் நடக்கும்போது அகாடமியில் கைவைத்து, அந்தக் கெரியர் பயன்படுத்தும் வீரனையோ அணியையோ நீக்குவது இரண்டாவது. பழைய பில்டில் (பேட்ச் வருவதற்கு முந்தைய கேமில்) எழுதிய சேவ் ஃபைலைப் புது பேட்ச் வேறு விதமாகப் படிக்க முயல்வது மூன்றாவது. முதல் இரண்டும் நம் கையில். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இன்வெர்ட்டர் மாறும் அந்த அரை நொடி போதும், ஃபைல் பாதியில் நின்றுவிடும். திரையின் மூலையில் சேவ் குறி சுழலும்போது எதையும் அணைக்காதீர்கள். அணிகளையெல்லாம் கெரியர் தொடங்கும் முன்பே இறக்கி, பொருத்தி முடித்துவிட்டு, பிறகு அகாடமிப் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது வழி நம் கையில் இல்லை. பேட்ச் அடிக்கடி வரும் காலத்தில் ஆபத்து அதிகம், பேட்ச் நின்றுபோன பதிப்பில் அது அநேகமாக இல்லை. முந்தைய பதிப்பின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவே முதல் காரணம். அதிலும் கோளாறு உண்டு, ஆனால் தெரிந்த கோளாறு. எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்துவிட்டால் அதைச் சுற்றிப் போக வழியும் தெரிந்துவிடும்.

அடுத்தது, கெட்டுப்போனால் பழைய நகலுக்குத் திரும்ப முடியுமா? ஒரே கேமாக இருந்தாலும் இதில் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் இருக்கிறது.

பிசியில் சேவ் என்பது வெறும் ஃபைல். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒருமுறை சேவ் செய்து கேமை மூடியதும் ஸ்டீம் ஃபோல்டருக்குள் இருக்கும் யூசர்டேட்டாவையும் டாக்குமென்ட்ஸையும் திறந்து, மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். கடந்த ஐந்து நிமிடத்தில் மாறியது எதுவோ அதுதான். அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் நகலெடுத்து, தேதியும் சீசன் எண்ணும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு நகல், ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் ஒரு நகல். பழையதை அழிக்க வேண்டாம்.

திரும்ப வைக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். நகலை அப்படியே ஒட்டிவிட்டு கேமைத் திறந்தால், ஸ்டீம் கிளவுட் (இணையத்தில் ஸ்டீம் வைத்திருக்கும் நகல்) தன்னிடமுள்ள கெட்டுப்போன சேவ் ஃபைலைக் கொண்டுவந்து அதன்மேல் எழுதிவிடலாம். முதலில் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ஸ்டீம் கிளவுடை அணையுங்கள். பிறகு நகலை ஒட்டுங்கள். கேமைத் திறந்து கெரியர் ஏறுகிறதா என்று பார்த்து, ஒரு ஓவர் ஆடி, மறுபடி சேவ் செய்யுங்கள். அதன்பிறகுதான் கிளவுடை இயக்கவேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்டால் கம்ப்யூட்டரில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதே ப்ராப்பர்ட்டீஸில் அப்டேட்ஸ் பகுதியில், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்ற வசதியையும் போட்டுவையுங்கள். ராத்திரி தூங்கும்போது தானாக பேட்ச் இறங்கி, காலையில் சேவ் திறக்காமல் போகும் நிலை வராது. நகலெடுக்க அவகாசம் கிடைக்கும்.

பிஎஸ்4-ல் சேவ் ஃபைலை யுஎஸ்பிக்கு நகலெடுக்கலாம். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பிக்கு எடுக்க முடியாது. பிஎஸ் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில்தான் வைக்கமுடியும். அந்தக் கிளவுடும் தானாக ஒத்திசைக்கும் அமைப்பில் இருந்தால், கெட்டுப்போன சேவ் நல்ல சேவின்மேல் ஏறிவிடும். ஆனால் பிஎஸ்4 டிஸ்க்கை டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ல் போட்டு ஆடினால், அந்த பிஎஸ்4 சேவ் ஃபைலை பிஎஸ்5-லிருந்தே யுஎஸ்பிக்கு எடுக்கலாம். செட்டிங்ஸில் சேவ்டு டேட்டா பகுதியில் பிஎஸ்4 என்று தனியாக இருக்கும். பிஎஸ்5 வைத்திருப்பவருக்கும் பிஎஸ்4 பதிப்பைச் சொன்னது இதனால்தான். கிராஃபிக்ஸ் கொஞ்சம் குறையும். நீண்ட கெரியர் ஆடுபவருக்கு அது பெரிய விலை இல்லை. பிஎஸ்5 பதிப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆட்டோ சிங்கை அணைத்துவிட்டு, சீசன் முடிந்து சேவ் சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு மட்டும் கையால் ஏற்றுங்கள். கிளவுடில் அந்தச் சேவுக்கு ஒரே நகல்தான் நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவ் இலவசம், தானாக நடக்கும். பழைய நகலுக்கு நாமே திரும்பும் வசதி அதில் இல்லை. நீண்ட கெரியர் ஓட்டிய அனுபவம் எனக்கு அந்த மெஷினில் குறைவு என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்லமாட்டேன்.

புதுசுதான் வேண்டும் என்றால்

ஸ்டீமில் வாங்குங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணம் திரும்பும். மெனுவில் உட்கார்ந்திருப்பதும் அகாடமியில் அணி இறக்குவதும் அந்த 2 மணியில் சேரும். அதனால் அழகுபடுத்தும் வேலை எதுவும் வேண்டாம், நேராகச் சோதனைக்குப் போங்கள். முதலில் ஐந்து ஓவர் மேட்ச், ஏஐ (கேமே ஆட்டும் எதிரணி) பேட்டிங். பீல்டர்களுக்கு நடுவே தட்டி ஒற்றை ரன் எடுக்கிறதா, அல்லது பவுண்டரி, டாட் பால் இரண்டு மட்டும்தானா என்று பாருங்கள். ரன் அவுட் வாய்ப்பில் ஃபீல்டர் சரியான முனைக்கு எறிகிறாரா என்பதையும். பிறகு ஓவரின் நடுவில், நான்காவது பந்துக்குப் பிறகு, சேவ் செய்து டெஸ்க்டாப்புக்கே வெளியேறுங்கள். திரும்பத் திறக்கும்போது பந்து எண்ணிக்கை, ஸ்ட்ரைக்கில் நிற்பவர், நீங்கள் வைத்த ஃபீல்டிங், பவுலர் போட்ட ஓவர்கள் நான்கும் அப்படியே இருக்கவேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் எனக்கு அது போதும், திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்து ஒரு டெஸ்ட்டை சிமுலேட் செய்து, இன்னிங்ஸ் மாறும் இடத்தில் கேம் உறைகிறதா, ஏஐ டிக்ளேர் செய்கிறதா என்று பாருங்கள். கடைசி அரை மணியில் ஒரு கெரியர் தொடங்கி ஒரு சீசனை ஓட்டுங்கள். ஒன்றே முக்கால் மணி ஆனதும் நிறுத்தி முடிவெடுங்கள்.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இந்தச் சோதனை நடக்காது. டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, கேம் பழுது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒழிய, ரீஃபண்ட் கிடையாது. ப்ரீ ஆர்டர் செய்திருந்தால் ஆட்டோ டவுன்லோடை அணைத்துவையுங்கள். இல்லையென்றால் நீங்கள் தொடாமலேயே அந்த உரிமை போய்விடும். கன்சோல்காரர்கள் டிஸ்க் வாங்கினால் பிடிக்காதபோது விற்றுவிடலாம். ஆனால் கெட்ட பெயர் எடுத்த கேமின் டிஸ்க் விலை சில வாரத்திலேயே இறங்கும், விற்பதென்றால் தாமதிக்கக்கூடாது. அந்த இறங்கிய விலையில் ஆறேழு மாதம் கழித்து, பேட்ச்கள் வந்த பிறகு, வாங்குபவராக இருப்பது இன்னும் நல்லது.

கிரிக்கெட் 07-ஐ இன்னும் ஆடுபவர்கள் ஏராளம். ரசிகர்களே இன்றைய அணிகளையும் ஜெர்சிகளையும் சேர்த்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது அது கடையில் விற்பனைக்கு இல்லை, கெரியர் ஆழமும் இந்த வரிசையோடு ஒப்பிட முடியாது. மொபைல் போதும் என்பவர்களுக்குச் சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் வரிசை இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு ஓவர் ஆட அருமை, டெஸ்ட் ஆடும் கைக்கு அது வேறு விளையாட்டு.

முந்தைய பதிப்பை வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உரிம ஒப்பந்தம் முடிந்தால் விளையாட்டு கேம்களை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. ஸ்டீமில் இப்போது விற்பனையில் தெரிந்தால் தள்ளுபடி நாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் பிஎஸ்4 டிஸ்க்கைத் தேடுங்கள். டிஸ்க்கில் இருப்பது வெளியீட்டு நாளின் பில்ட் மட்டுமே என்பதால், போட்டதும் கெரியர் தொடங்காமல், அப்டேட் முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். கோளாறான பில்டில் தொடங்கிய கெரியரோடு பிறகு மல்லுக்கட்ட வேண்டாம்.