ஸ்விஃப்ட்டுக்குக் கேம்பர் போல்ட்: 3,500 ரூபாய்க்குத் தகுமா?

என் 2014 ஸ்விஃப்ட்டின் முன்பக்க இடது டயர் 11,000 கி.மீ.யிலேயே உள்விளிம்பில் வழுக்கையாகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு, பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வருகிற லாரியைப் பார்த்துப் போகும்.

டயர் வாங்கிய கடையில் இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தார்கள். இரண்டு முறையும் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருப்பிவிட்டு, "இதுக்குக் கேம்பர் செட்டிங் கிடையாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பாதி உண்மைதான். கேம்பர் என்றால் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். கம்பெனியில் இருந்து வந்தபடி அதற்கென்று தனி செட்டிங் இல்லை.

மீதிப் பாதி, கோவை சுந்தராபுரத்தில் ஒரு சின்னக் கடையில் தெரிந்தது. அங்கே இருந்த தம்பி மெஷினை மாட்டுவதற்கு முன் காற்றழுத்தம் பார்த்தார், வண்டியை ஏற்றிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். இடது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) கிழிந்திருந்தது. "இதை மாத்தாம அலைன்மென்ட் பண்ணினா காசு தண்டம்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே கடையைப் பிடித்துப்போனது.

புஷ் மாற்றிய பிறகும் இடது கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, வலது மைனஸ் 0.4. மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. வண்டி ஏன் வலப்பக்கம் இழுத்தது என்பதற்கு அந்த வித்தியாசமே பதில். ஸ்ட்ரட்டையும் (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) நக்கிளையும் (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டைக் கழற்றி, நடுவில் கோணலாகக் கடைந்த கேம்பர் போல்ட்டைப் போட்டார். அதைத் திருகினால் சக்கரத்தின் சாய்வு மாறும். வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும், அதற்குக் கொஞ்சம் மைனஸ் வேண்டும். நான் ஆசையில் 2 டிகிரி கேட்டேன். "தினம் ஆபீஸ் போற வண்டிக்கு அது டயரைத் தின்னுடும்" என்று இரண்டு பக்கமும் மைனஸ் 1-ல் நிறுத்தினார். டோவைக் கடைசியாகத்தான் தொட்டார். கேம்பர் மாறினால் டோவும் மாறிவிடுமாம். பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை விட்டம், அங்கே செட் செய்ய ஒன்றுமில்லை.

போல்ட் ஜோடி 1,400, புஷ்ஷும் கூலியும் 1,600, அலைன்மென்ட் 500. குறை சொன்னால், மூன்றரை மணி நேரம் ஆனது, உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டு நான் கேட்ட பிறகுதான் வந்தது.

அடுத்த வாரம் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி, பாதி வழி தூறல். முன்பெல்லாம் ஈரத்தில் ஏறும்போது முன்பக்கம் வெளியே நழுவப் பார்க்கும். இந்தத் தடவை திருப்பிய பக்கம் போனது. அதே வேகம்தானா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

இப்போது 1,200 கி.மீ. ஆகிறது. புது டயரை விரலால் தடவினால் உள்ளும் வெளியும் ஒரே மாதிரி இருக்கிறது. போல்ட் இறுக்கம் பார்க்க இந்தச் சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். ஸ்டூலை நானே கொண்டுபோகிறேன்.