ஆக்டேவியா ஆர்எஸ் 230: ரீமேப் செய்து 74,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

2019 டிசம்பரில் என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230-க்கு ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுகிற முதல் நிலை டியூனிங், செய்தேன். அப்போது மீட்டரில் 22,000. இன்று காலை பார்த்தால் 96,000. டியூன் செய்த முதல் வாரத்தில் எல்லாருக்குமே வண்டி பறக்கும், எனக்கும் பறந்தது. அந்த வாரத்து சந்தோஷத்தை விட, இத்தனை வருடத்தில் என்ன மிஞ்சியது, என்ன செலவு வைத்தது, எங்கே பயந்தேன் என்பதுதான் இப்போது யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இந்த வண்டியில் இருப்பது 1984 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின். கம்பெனி கணக்கில் 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ள வேண்டும், எந்த நொடியில் பிளக் தீப்பொறி விட வேண்டும், எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது ஈசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றுவதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, பாதியில் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க சார்ஜரையும் மாட்டிவிட்டு எழுதிவிடுகிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் இதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது, டர்போ வண்டியில்தான் ஆட்டமே.

கம்பெனிக்காரர்கள் ஏன் இந்த பவரை முதலிலேயே தரவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அதே எஞ்சின் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், லடாக் உயரத்திலும் ஓட வேண்டும், ஏதோ ஒரு ஊரில் சுமாரான பெட்ரோல் ஊற்றினாலும் உடையக் கூடாது. அதற்காக ஒரு இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். நாம் எடுப்பது அந்த இடைவெளியைத்தான். கோல்ஃப் ஆர் இதே எஞ்சின் குடும்பத்தில் 300 குதிரைத்திறன் தருகிறதே என்பார்கள். அதில் டர்போ பெரியது, பிஸ்டன், எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜெக்டர் எல்லாம் வேறு.

சரி, கிடைத்தது என்ன? டைனோவில், அதாவது வண்டியை உருளைமேல் ஓட்டி பவர் பார்க்கிற இயந்திரத்தில், சக்கரங்களில் அளந்தபோது முன்பு 196 பிஎச்பி (குதிரைத்திறன்), பின்பு 251. சக்கரத்துக்கு வருவதற்குள் எஞ்சின் பவர் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த எண்ணை நான் மறந்தே போய்விட்டேன். இன்னும் மறக்காதது பல்லடம் தாண்டி தாராபுரம் போகிற ரோடு. காற்றாலைகளுக்கு நடுவே, முன்னால் நூல் பேல் ஏற்றிய லாரி, எதிரே தூரத்தில் ஒரு பஸ். முன்பெல்லாம் இடம் போதுமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் வெளியே எடுப்பேன். ரீமேப்புக்குப் பிறகு மூன்றாவது கியரில் 60-லிருந்து 100-க்கு வண்டி எழும்புகிற விதத்தில், எதிர்ப்பக்கத்தில் நான் இருக்கிற நேரம் கண்கூடாகக் குறைந்தது. டாப் ஸ்பீடுக்காக இதைச் செய்கிறவர்களுக்கு நம் ரோட்டில் வேலையே இல்லை. நடுவேகத்தில் கிடைக்கிற அந்த இழுவைதான் விஷயம், அது ஆறு வருடம் கழித்தும் அலுக்கவில்லை.

இனி பயந்த கதை. முதல் ஃபைலை (மாற்றி எழுதிய அட்டவணைகளை) எழுதிக் கொடுத்த டியூனர் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு என்று எழுதியிருந்தார். கோவைக்குள் அது கிடைக்கிற பங்க்கில் மட்டுமே போட்டு ஒரு வருடம் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. 2021 ஏப்ரலில் குடும்பத்தோடு கோத்தகிரி போகும்போது மேட்டுப்பாளையத்தில் டேங்க் காலி. கிடைத்தது சாதாரண பெட்ரோல், நிரப்பிவிட்டு ஏறினேன். நான்கு பேர், லக்கேஜ், ஏசி, நல்ல வெயில். ஒரு வளைவு முடிந்து நான்காவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் காலை அழுத்தினேன். முன்னாலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், இரண்டே நொடி. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. பின் சீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

நாக்கிங். தீப்பொறி கிளப்பிய தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கிற பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பது. ஆக்டேன் என்பது அப்படி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற சக்தி. எஞ்சினில் நாக் சென்சார்கள் இருக்கின்றன, சத்தத்தை உணர்ந்ததும் ஈசியு அந்த சிலிண்டருக்குத் தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றப் பார்க்கும். ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றழுத்தம்) கேட்டால் தீப்பொறிக்கு முன்னாலேயே வெடிக்கிற வகையும் உண்டு. அதைத் தாமதப்படுத்தித் தடுக்க வழியில்லை, ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, ஊட்டி 2,240 மீட்டர். அங்கே அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். உயரத்துக்கு ஏற்பப் பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாட்டைக் கம்பெனி ஃபைலில் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவசரமாக எழுதிய ஃபைல்களில் முதலில் காணாமல் போவது அதுதான்.

திரும்பி வந்து, அதே டேங்க் பெட்ரோலில் லாக் எடுத்தோம், அதாவது ஓடும்போது ஈசியு காட்டுகிற எண்களை லேப்டாப்பில் பதிவு செய்தோம். நண்பன் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், மூணாவது சிலிண்டரைப் பாரு, ஏழரை டிகிரி புடுங்குது" என்றான். நாக்கிங்கைத் தடுக்க ஈசியு தீப்பொறியை அவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று அர்த்தம். மற்ற சிலிண்டர்களில் இரண்டு, மூன்று டிகிரிதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று டிகிரி இழுத்தால் நான் கவலைப்படுவதில்லை, ஒரே சிலிண்டரில் திரும்பத் திரும்ப ஏழு என்றால் உடனே நிறுத்த வேண்டும். டியூனருக்கு அனுப்பினேன். "அதெல்லாம் நார்மல் சார்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்கே கம்பெனி ஃபைலைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வேறொருவரிடம் போனேன். அவர் பவரைப் பற்றிப் பேசவே இல்லை. "ஏங்க, வருசத்துக்கு எத்தனை தடவை மலை ஏறுவீங்க, வெளியூர்ல என்ன பெட்ரோல் கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. 95 ஆக்டேனுக்கு எழுதி, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை மட்டுப்படுத்தினார். டைனோவில் 12 பிஎச்பி குறைந்தது. ரோட்டில் அந்தப் பன்னிரண்டை நான் ஒருநாளும் தேடியதில்லை. அதற்குப் பிறகு திம்பம் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பலமுறை ஏறிவிட்டேன், அந்தச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை.

அப்புறம் கியர்பாக்ஸ். இதில் இருக்கிற ஆறு கியர் டிஎஸ்ஜியின் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றுகிற பாக்ஸ்) வரம்பே சுமார் 350 நியூட்டன் மீட்டர்தான், ரீமேப் அதைத் தாண்டிவிடுகிறது. 48,000 கிலோமீட்டர் வாக்கில், நான்காவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் முள் முன்னூறு நானூறு ஏறிவிட்டு, வேகம் ஒரு கணம் கழித்து வந்தது. கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் டியூன் செய்து கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கிற அழுத்தத்தைக் கூட்டிய பிறகு சரியானது, அதற்குத் தனியாக 40,000 ரூபாய். எஞ்சின் ரீமேப் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்.

பராமரிப்பில் ஆயிலை 15,000-க்குப் பதில் 7,500-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், பிளக்கை 20,000-க்கு ஒருமுறை. முன் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் மைலேஜ் பழையபடி 14.

சட்டமும் உத்தரவாதமும் பலர் பேசாமல் கடந்துபோகிற இடம். கம்பெனி ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை ஈசியுவில் இருக்கும், ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மாற்றம் தெரிந்தால் டிடி1 என்று குறியே போட்டு வைக்கிறார்கள். அதன்பின் எஞ்சினோ கியர்பாக்ஸோ போனால் செலவு நம்முடையது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று அது பெரிய பிரச்சினையாகலாம், அதில் அடிபடுவது நாம் மட்டும் இல்லை. புகைச் சான்றிதழ் பாஸாவதை வைத்து மனசைத் தேற்றிக்கொள்ளவும் முடியாது, அந்தச் சோதனை வண்டி நின்றபடி எடுப்பது, முழு பூஸ்ட்டில் என்ன வெளியே வருகிறது என்று அது பார்ப்பதில்லை.

இப்போது புதிய விஷயம் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆக்டேன் 95 என்கிறார்கள், நாக்கிங்குக்கு அது நல்லதுதான், லாக்கிலும் தீப்பொறியைத் தாமதப்படுத்துவது குறைந்திருக்கிறது. ஆனால் எத்தனாலில் சத்து குறைவு. அதே வேலைக்கு அதிகம் ஊற்ற வேண்டும், ரீமேப் செய்த எஞ்சின் ஏற்கெனவே அதிகம் கேட்கிறது. போன மாத லாக்கில் 5,500 ஆர்பிஎம்மில் பெட்ரோல் அழுத்தம் 200 பார் இருக்க வேண்டிய இடத்தில் 184-க்கு இறங்கியிருந்தது. பம்ப் தேய்ந்துவிட்டதா, ஃபைலை மாற்ற வேண்டுமா என்று டியூனர் இன்னும் முடிவு சொல்லவில்லை, இன்னொரு லாக் கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் எடுக்கப்போகிறேன். அதுவரை 4,500-க்கு மேலே ஏற்றுவதில்லை.