ஃப்ரொன்டெனாக்: உறைபனியைத் தாங்கிய கொடியின் இனிப்பு ஒயின்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் குரோய் ஆற்றை ஒட்டிய ஸ்டில்வாட்டர் பகுதியில், சிறிய தயாரிப்பாளர் ஒருவரிடம் 22 டாலருக்கு வாங்கிய, ஃப்ரொன்டெனாக் என்னும் திராட்சையில் செய்த இனிப்புச் சிவப்பு ஒயின் இது. சிவப்பு ஒயின் இனித்தால் தரக்குறைவு என்று ஒதுக்கிவிடுபவர்கள் இதை ஒரு முறையாவது சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆற்றங்கரைகளில் தானாகப் படரும் ரிபாரியா என்னும் வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையை லாண்டோ 4511 என்னும் பிரெஞ்சுக் கலப்பினத்தோடு சேர்த்து, மினசோட்டா பல்கலைக்கழகம் 1996இல் வெளியிட்ட வகை ஃப்ரொன்டெனாக். ஐரோப்பியக் கொடிகளைக் குளிர்காலம் வருமுன் சாய்த்து மண்மூடிக் காப்பாற்ற வேண்டிய அந்த ஊரில், மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரையும் இந்தக் கொடி பந்தலில் நின்றபடியே தாங்கிவிடுகிறது. அந்தத் தாங்குதிறனைக் கொடுத்த காட்டுக்கொடியே கடும் புளிப்பையும் கொடுத்திருக்கிறது. பழத்தில் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகும் புளிப்பு போதுமான அளவு இறங்குவதில்லை. சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்தால் பல் கூசும் என்பதால், தயாரிப்பாளர்கள் பலர் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைக்கிறார்கள்.

கோப்பையில் ஊற்றியதும் நாவற்பழச் சாற்றின் கருஞ்சிவப்பு. சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஊதா படர்கிறது. முகர்ந்தவுடன் செர்ரி மணம் எழுகிறது. முதலில் நாவில் இனிப்பு பரவ, அதைப் பின்தொடர்ந்து கன்னத்தின் உட்புறத்தைச் சுண்டும் புளிப்பு வந்து, விழுங்கியபின் வாயைச் சுத்தமாக விட்டுவிடுகிறது. துவர்ப்பு மிகக் குறைவு; அழுத்தமான துவர்ப்பை விரும்புபவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எவ்வளவு இனிப்பு என்றோ, குளிரவைத்துப் பரிமாற வேண்டும் என்றோ புட்டியில் ஒரு சொல்லும் இல்லை. அறை வெப்பத்தில் குடித்த முதல் கோப்பை பாகுபோலக் கனத்தது. ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்த பிறகுதான் புளிப்பு தலைதூக்கி, செர்ரியின் சுவை துலங்கியது. வாங்குபவர் தற்செயலாகக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியா இது?

இனிப்புப் பண்டங்களோடு இதைச் சேர்க்காதீர்கள். உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டியும் கசப்பு மிகுந்த சாக்லேட்டும்தான் இதற்கு இணையாக நிற்கின்றன.