வீட்டில் துணி உலர்த்தும் முறைகள்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

வெளிக்கொடி, மடக்கு ஸ்டாண்டு, கூரையில் ஏற்றி இறக்கும் கப்பிக் கொடி, டிரையர் ஆகிய நான்கையும் பல ஆண்டுகளாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். துணி நன்றாக உலர்வதற்கு வெயிலைக் காட்டிலும் காற்றோட்டமே முக்கியம் என்பது இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. ஈரத்துணியை ஒட்டியுள்ள காற்று விரைவில் நீராவியால் நிறைந்துவிடும். அது விலகிப் புதிய காற்று வராவிட்டால், எவ்வளவு சூடான இடமாக இருந்தாலும் துணி ஈரமாகவே தொங்கிக்கொண்டிருக்கும். சூட்டுக்கும் பங்கு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றால் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். 30 டிகிரியில் அந்த அளவு 30 கிராம் ஆகிறது. ஆயினும் அந்தக் காற்று நகராமல் நின்றுவிட்டால் கூடுதல் கொள்ளளவால் பெரிய பயன் இல்லை.

கொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிழிதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உலர்த்தும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. 5 கிலோ பருத்தித் துணியைச் சலவை இயந்திரத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் நீர் துணியிலேயே தங்கிவிடும். 1400 சுற்றில் பிழிந்தால் சுமார் இரண்டரை லிட்டர்தான் மிஞ்சும். குறைந்துபோன அந்த ஒரு லிட்டரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் தேவை. அதே நீரைச் சுழற்றி வெளியேற்ற மோட்டாருக்குச் செலவாவது அதில் ஒரு சிறு பகுதியே. எனவே பருத்தித் துணிகளுக்கும் துவாலைகளுக்கும் இயந்திரத்தின் உச்ச வேகத்தையே வைக்கிறேன். மெல்லிய துணிகளையும் கம்பளி ஆடைகளையும் குறைந்த வேகத்தில் பிழிந்து, உலர்ந்த துவாலை ஒன்றில் சுருட்டி அழுத்தி எடுப்பதுண்டு. அதிவேகப் பிழிதலால் சுருக்கம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சுழற்சி முடிந்தவுடன் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் நன்றாக உதறித் தொங்கவிட்டால் அந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

வெளிக்கொடியை நான் இன்னும் முதலிடத்தில் வைக்கிறேன், ஆனால் நிழலில் கட்டிய கொடியை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தை வெளுக்கச் செய்கின்றன, பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றின் வெள்ளை நிறத்தை மஞ்சளாக்குகின்றன, எலாஸ்டிக்கைத் தளர்த்துகின்றன. நேரடி வெயிலில் நான் தயங்காமல் போடுவது வெள்ளைப் பருத்தித் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் மட்டுமே. வண்ணத் துணிகளை வெயிலில் போட நேர்ந்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுகிறேன். கொடியில் உலர்ந்த துணிக்கென்று உள்ள அந்தத் தனி மணம் வெறும் மனப்பிரமையன்று. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெளியில் வெயிலில் உலர்ந்த துவாலைகளில் ஆல்டிஹைடு, கீட்டோன் வகையைச் சேர்ந்த மணமுள்ள சேர்மங்கள் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

கொடிக் கயிற்றைப் பொறுத்தவரை, பருத்திக் கயிறு நீரை உறிஞ்சித் தொய்ந்து நாளடைவில் கறுத்துப்போகிறது. நைலான் கயிறு நீண்டுகொண்டே போவதால் அவ்வப்போது இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையிட்ட இரும்புக் கம்பி தொடக்கத்தில் மிக நன்றாக இருக்கும், ஆனால் உறை வெயிலில் வெடித்தவுடன் உள்ளே துரு ஏறி, அதன் கறை துணியில் படிந்துவிடுகிறது. அந்தக் கறை எளிதில் போவதில்லை. நீண்ட காலம் நிலைத்தது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான். அது மெல்லியதாக இருப்பதால் சட்டைகளின் குறுக்கே கோடு விழுகிறது. சட்டைகளை ஹேங்கரில் மாட்டியே தொங்கவிட்டால் அந்தக் குறையும் இல்லை. பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் நொறுங்குகின்றன, மரக் கிளிப்புகள் ஈரத்திலேயே கிடந்தால் கறை விடுகின்றன. ஒரே கம்பியை வளைத்துச் செய்த எஃகுக் கிளிப்புகளுக்கு மாறிய பிறகு கிளிப் வாங்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

மழைக்காலத்தில்தான் ஒவ்வொரு முறையின் உண்மையான தரமும் தெரியும். அப்போது நான் நம்புவது மடக்கு ஸ்டாண்டையும் ஒரு மேசை மின்விசிறியையும். ஸ்டாண்டில் எத்தனைக் கம்பிகள் இருக்கின்றனவோ அத்தனையிலும் துணி போட வேண்டும் என்று தோன்றும். ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியில் போடும்போதுதான் அது விரைவில் உலர்கிறது. நீளமான துணியையும் குட்டையான துணியையும் அடுத்தடுத்து வைத்தால் கீழ்ப்பகுதியில் காற்றுக்கு வழி கிடைக்கும். ஜீன்ஸை உட்புறம் திருப்பி, பைகளின் உள்துணி வெளியே நிற்கும்படி, இடுப்புப் பகுதி விரிந்திருக்குமாறு பல கிளிப்புகளில் மாட்ட வேண்டும். மின்விசிறியை மேலிருந்து வீசவிடுவதைவிட, ஸ்டாண்டின் பக்கவாட்டில் தரையில் வைத்து, வரிசைகளுக்கு இடையே காற்று ஊடுருவிச் செல்லும்படி திருப்பி வைப்பது மேல். நீர் கீழே இறங்கித் துணியின் அடிப்பகுதியில் தங்குவதால் அந்த இடத்துக்குத்தான் காற்று அதிகம் தேவைப்படுகிறது. வேகம் குறைவாக இருந்தாலும் போதும்.

வீட்டுக்குள் உலர்த்தும்போது துணியில் இருந்த இரண்டு, மூன்று லிட்டர் நீரும் அறையின் காற்றுக்குத்தான் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அறையின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் சுவர் மூலைகளிலும் அலமாரிகளின் பின்புறத்திலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆகவே படுக்கையறையில் ஸ்டாண்டை வைப்பதில்லை. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்ததாக இருக்கும் நேரங்களில் சன்னலைத் திறந்துவிடுகிறேன். வெளியிலும் உள்ளே போலவே புழுக்கமாக இருக்கும் நாட்களில் கதவை மூடி, ஈரப்பத நீக்கியை ஓடவிடுவதே பயனளிக்கிறது. கம்ப்ரஸர் வகை நீக்கி வெதுவெதுப்பான அறையில் நன்றாக வேலை செய்யும், குளிர்ந்த அறையில் திணறும். குளிருக்கு ஏற்றது ஈரமுறிஞ்சும் பொருளைக் கொண்டு இயங்கும் மற்றொரு வகை.

மெதுவாக உலரும் துணியில் எழும் ஈரவாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். அது வறட்சியையும் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கக்கூடியது என்பதும் அந்த ஆய்விலேயே தெரியவந்தது. ஒருமுறை வாடை பிடித்த துவாலையை எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும், அடுத்த முறை நனைந்ததும் வாடை திரும்பி வருவதன் விளக்கம் எனக்கு அதில்தான் கிடைத்தது. அத்தகைய துவாலைக்கு, துணி தாங்குமானால், 60 டிகிரி சுடுநீர்ச் சலவையே தீர்வு. வாசனைத் திரவங்கள் வாடையை மறைக்கின்றன, அவ்வளவுதான்.

கப்பிக் கொடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தரையில் இடம் பிடிக்காது, வெப்பக் காற்று மேலே சேர்வதால் உலர்வதும் நிறைவாகவே இருக்கிறது. கப்பி உரசும் இடத்தில் கயிறு நைந்துபோவதால் அந்தப் பகுதியை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே இறங்கும் அமைப்பே வசதியானது.

டிரையர் எனக்கு அவசரத்துக்கான கருவி. ஒருமுறை உண்டாக்கிய சூட்டையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வெப்பப் பம்பு வகை, பழைய சூடேற்றி வகைகளில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியில் இயங்குகிறது. குறைந்த சூட்டில் உலர்த்துவதால் துணிக்கும் நல்லது, நேரம்தான் கூடுதலாகும். எந்த வகையாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேரும் பஞ்சு நம் துணியிலிருந்து உதிர்ந்த இழைதான் என்பது என் தயக்கத்துக்கு முதல் காரணம். அந்தப் பஞ்சைத் தவறாமல் அகற்ற வேண்டும். சேரவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆனால் துவாலைகளின் மென்மையில் டிரையரைக் கொடியால் வெல்ல முடியாது. கொடியில் காய்ந்த துவாலை அப்பளம் போல் விறைத்து நிற்பதற்கு, பருத்தி இழைகளின் மேற்பரப்பில் உலராமல் ஒட்டியிருக்கும் நீர் அடுத்தடுத்த இழைகளைப் பசை போல இணைத்துவிடுவதே காரணம் என்று ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் காட்டின. அந்தப் பிணைப்பு உருவாகாமல் தடுப்பது அசைவுதான். ஆகவே துவாலைகளைக் கொடியில் முக்கால் பங்கு உலரவிட்டு, கடைசியில் சிறிது நேரம் மட்டும் டிரையரில் சுழலவிடுகிறேன். டிரையர் இல்லாத வீடுகளில், பாதி உலர்ந்த நிலையில் ஒருமுறையும் எடுக்கும்போது ஒருமுறையும் பலமாக உதறினால் விறைப்பு கணிசமாகக் குறையும்.

எடுப்பதற்கு முன் துணியின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பதால் பயனில்லை. தையல் மடிப்பு, இடுப்புப் பட்டை, காலர், அக்குள் ஆகிய இடங்களை விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆவியாதல் இன்னும் நடக்கும் இடம் சுற்றியுள்ள துணியைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். அப்படி ஏதேனும் தென்பட்டால் அந்த ஆடையை மட்டும் ஹேங்கரில் மாட்டி, இரவு முழுவதும் அலமாரிக்கு வெளியே விட்டுவைத்து மறுநாள் மடிக்கிறேன்.