ஒரு வருஷமாக பெர்ஃப்ட்: என் அனுபவம்

சொந்தமாக செஸ் புரோகிராம் எழுதும் கிறுக்கு போன வருஷம் பிடித்தது. செல்லூர் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன். அன்று முதல் விடாமல் பயன்படுத்துவது, புரோகிராம் நகர்வுகளைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கும் பெர்ஃப்ட் சோதனைதான். சொன்ன ஆழம் வரை (இரு தரப்பும் மாறி மாறி ஆடும் நகர்வு ஒவ்வொன்றும் ஓர் ஆழம்) எல்லா நகர்வுகளையும் ஆடிப்பார்த்து எண்ணிக்கை சொல்லும், அவ்வளவே. அதை ஏற்கெனவே தெரிந்த சரியான எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆரம்ப நிலையில் 20, 400, 8902, 197281 என்று போகும்.

ஆறாம் ஆழத்தில் 119060324 சரியாக வந்த அன்று சிம்மக்கல்லில் நண்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். ஆரம்ப நிலையிலிருந்து அந்த ஆழத்துக்குள் கோட்டை கட்டவே (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) வழியில்லை, சிப்பாய் ராணியாகவும் ஆகாது. அவற்றுக்காக நான் எழுதிய புரோகிராம் வரிகள் ஓடவே இல்லை!

கிவிபீட் என்ற பிரபலமான சோதனை நிலையைப் போட்டதும் குட்டு உடைந்தது. இரண்டாம் ஆழத்தில் 2039 வரவேண்டும், எனக்கு 2038. வெள்ளைக் குதிரை டி7 சிப்பாயை வெட்டினால் பி8 கட்டம் தாக்குதலில் இருக்கும். கறுப்பு ராஜா அந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை, அதனால் ராணிப் பக்கம் கோட்டை கட்டலாம். நான் கூடாதென்று எழுதியிருந்தேன்.

அதைவிடப் படுத்தியது 'என் பாசான்' விதி: இரண்டு கட்டம் தாவி வந்து பக்கத்தில் நிற்கும் சிப்பாயை, அது ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்ததுபோல எதிர்ச் சிப்பாய் வெட்டுவது. சோதனைக்கென்றே பலரும் வைத்திருக்கும் இன்னொரு நிலை: நாலாம் வரிசையில் பி4-இல் வெள்ளை யானை, எஃப்4-இல் கறுப்புச் சிப்பாய், ஹெச்4-இல் கறுப்பு ராஜா. இரண்டாம் ஆழத்தில் மொத்தம் 191 வரவேண்டிய இடத்தில் 193. இந்த மொத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தப்பு ஒன்றையொன்று ஈடுகட்டினால் அதுவும் சரியென்றே காட்டும். மொத்தத்தை முதல் நகர்வு வாரியாகப் பிரித்துக் காட்டும் டிவைட்தான் உயிர். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமில் 'கோ பெர்ஃப்ட் 2' கொடுத்து, நகர்வு வாரியாக வரும் எண்களை என் எண்களோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஈ2-ஈ4 வரியில் அதற்கு 16, எனக்கு 17. ஜி2-ஜி4 வரியில் 17-க்கு 18. என் பாசானில் வெட்டினால் ஒரே வரிசையிலிருந்து இரண்டு சிப்பாயும் ஒன்றாகக் காணாமல் போய், யானைக்கு ராஜா வரை வழி திறந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சிப்பாயும் கட்டுண்டு (நகர்ந்தால் ராஜா தாக்குதலில் சிக்கும் நிலையில்) இல்லை, அதனால்தான் என் சோதனை கோட்டைவிட்டது. இப்போது என் பாசானுக்கு மட்டும் நகர்வை ஆடிப்பார்த்தே முடிவெடுக்கிறேன். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

குறை என்றால், ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்பதெல்லாம் பெர்ஃப்ட் கண்ணில் படாது. அது நகர்வை மட்டும்தான் எண்ணும். போன வாரம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் என் புரோகிராம் யானையை மாற்றி மாற்றி நகர்த்தி டிராவில் கொண்டுபோய் விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "எதுக்கு மாமா இது அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டே இருக்கு?"