வாசலுக்கு சிமெண்டா, பேவர் பிளாக்கா, மண்ணா?

ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்ததும் எங்கள் தெருமுனை வடிகால் அருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். வண்டி நிறுத்தும் இடங்களிலிருந்து வழிந்து வந்த தண்ணீரில் எண்ணெய் வானவில் நிறத்தில் மிதந்தது. கூடவே பால் பாக்கெட் கிழிசல், வேப்பஞ்சருகு, யாரோ பைக் கழுவிய சோப்பு நுரை. மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் சாக்கடைத் தண்ணீர் போகவேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம். வடிகாலில் விழுவதோ கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியாக நேரே கடலுக்குப் போகிறது. நடுவில் அதைச் சுத்தம் செய்ய ஏற்பாடு கிடையாது. அதனால் வாசலில் என்ன தரை போடுகிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை.

சிமெண்ட் தரை பெருக்கவும் கோலம் போடவும் வசதி. ஆனால் 200 சதுர அடி வாசலில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர், அறுபது குடம். அவ்வளவும் தரையில் கிடக்கும் எண்ணெய், தூசி, நாய்க் கழிவு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடும். தாத்தா, பாட்டி வழுக்காமல் நடக்க ஒரு நடைபாதை அளவுக்கு சிமெண்ட் போதும் என்பது என் எண்ணம்.

பேவர் பிளாக் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் தண்ணீர் இறங்கிவிடும் என்று நம்புகிறோம். அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கிலும் சிமெண்ட் பூசிவிட்டால் அது வேறு உருவத்தில் சிமெண்ட் தரை, அவ்வளவுதான். மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "அடியில என்ன போடுறீங்க? இடுக்குல மணல் நிரப்புவீங்களா?" அடியில் ஜல்லியும் இடுக்கில் மணலும் என்றால் சரி. அதிலும் நாளாக நாளாகப் புழுதி அடைந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் மேல் மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டும். இந்த வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்கு, நடுவில் புல் வளரும்படி ஓட்டை விட்ட பேவர் மேல்.

மண் தரைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் வெறும் மண் அல்ல. செடியோ புல்லோ இல்லாத மண் மழையில் கரைந்து ஓடி, வடிகாலிலேயே வண்டலாகப் படியும். அதுவும் ஒரு மாசுதான். திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். களிமண் பகுதியில் தேங்கும். அங்கே கூழாங்கல், மணல் நிரப்பிய ஓர் உறிஞ்சு குழி அவசியம். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் குழி இருக்கிறது, தூர்வாரத்தான் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் ஒன்று. அந்தக் குழிக்குப் பக்கத்தில் வண்டி கழுவக் கூடாது. சோப்பும் எண்ணெயும் உறிஞ்சு குழியில் இறங்கினால் நம் கிணற்றுத் தண்ணீருக்கே வரும். தெருவில் வைத்துக் கழுவினால் வடிகாலுக்கு. சோப்பு இல்லாமல் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துத் துடைப்பது பெரும்பாலான நாளுக்குப் போதும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்கு எட்ட இருக்கும் செடிப் பாத்திக்குப் போகட்டும். எங்கள் வீட்டில் பைக் செயினுக்கு எண்ணெய் போடும்போது அடியில் பழைய பேப்பர் விரித்துக்கொள்கிறோம். தரையில் ஏற்கெனவே சொட்டிய ஆயிலின் மேல் மரத்தூளைத் தூவி, ஊறியதும் பெருக்கி எடுத்துக் குப்பையில் போடுகிறோம், மழை வருவதற்கு முன்பே.