கூலன்ட் குறைகிறதா? இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கார் சூடாகி நின்றுவிட்டது என்று போனால், எதையும் சோதித்துப் பார்க்காமல் "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல் பாகம்; அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பாகத்துக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட், அதில் சிலிண்டருக்கு ஒன்று என்று பெரிய ஓட்டைகள் இருக்கும். எங்களிடம் அப்படிச் சொல்லி 38,500 ரூபாய் வாங்கினார்கள். இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. பிரித்தது போலக் காட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டறை சத்தியமங்கலம் பக்கம். புகார் நடப்பில் இருப்பதால் பெயர் எழுதவில்லை, கமென்ட்டிலும் கேட்காதீர்கள். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன், அது தெரிந்தால் போதும்.

தாளவாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டிலிருந்து கிளம்பினேன். பண்ணாரி கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலை ஏறும்போது ஏசி காற்று சூடாக வர ஆரம்பித்தது. கூடவே வெல்லப்பாகு காய்ச்சுவது போல ஒரு இனிப்பு வாசம். அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆவியாகிற வாசம் என்று அப்போது தெரியாது. அடுத்த வளைவுக்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எங்களுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி, டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். இப்போது வருகிற பல சின்ன வண்டிகள் இப்படித்தான். விளக்கு எரிகிறது என்றாலே ஏற்கெனவே தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

27 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு அது. புலிகள் காப்பகம் வேறு, நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது. அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டி, ஏசியை நிறுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்தேன். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிய பிக்கப் டிரைவர் தம்பி ஒருவர் வண்டியை நிறுத்தினார். பானட்டைத் திறக்கும்போதே, "மூடியை மட்டும் தொட்டுராதீங்கக்கா, கொதிக்கிற தண்ணி மூஞ்சிக்கு அடிக்கும்" என்றார். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 108 டிகிரி வாக்கில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் இறங்கி, உள்ளே இருப்பதெல்லாம் ஆவியாகிப் பீய்ச்சி அடிக்கும். முகம் வெந்தவர்கள் எல்லோரும் அவசரப்பட்டு மூடியைத் திறந்தவர்கள்தான்.

நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகு, துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகி, அந்தத் தம்பி தான் வைத்திருந்த கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் அபாயம் உண்டு. அப்புறம் மேலே போகாமல், அவர் பின்னாலேயே இரண்டாவது கியரில் இறங்கினேன். இறக்கத்தில் இன்ஜினுக்கு அதிக வேலை இல்லை, அதனால் சூடு ஏறவில்லை. ஆனால் சூடாகிறதே என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி ஆகிவிடும், மலையில் அது உயிருக்கே ஆபத்து. ஏசி குமிழைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பி வைக்கச் சொன்னதும் அந்தத் தம்பிதான். அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். இன்னொன்றும் அதில் தெரியும்: இன்ஜின் கொதிக்கும்போது அங்கே குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் இல்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

இனி பட்டறைக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் பெரிய போர்டு, உள்ளே நாலைந்து வண்டி நின்றது. ஓனர் தன்மையாகத்தான் பேசினார். அம்மாவுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். வெளுத்த காபி நிறத்தில் லேசாக ஒரு படலம். "பார்த்தீங்களாக்கா, ஆயில்ல தண்ணி கலந்திருச்சு. ஹெட் கேஸ்கெட் போச்சு. இதோட ஓட்டுனீங்கன்னா இன்ஜின் சீஸ் ஆயிரும், அப்புறம் லட்சத்துல நிக்கும்." ஸ்டார்ட் செய்து சைலன்சரில் சொட்டுகிற தண்ணீரையும் காட்டினார். இரண்டையும் கண்ணால் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

இரண்டுமே ஒன்றும் இல்லாத விஷயம் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிற வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் ஈரம் படிந்து அந்தப் படலம் வரும். பார்க்க வேண்டியது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை. அதில் ஆயில் மோர் மாதிரி கலங்கி, அளவும் கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் டிப்ஸ்டிக்கை அவர் எடுக்கவே இல்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் சொட்டத்தான் செய்யும். கேஸ்கெட் போன வண்டியில் இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை கெட்டியாக, இனிப்பு வாசத்தோடு விடாமல் வரும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் இறுகிப் போகும். கூலன்ட் பாட்டிலில் குமிழி குமிழியாகக் கிளம்பும். சந்தேகம் இருந்தால் நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். இதில் எதையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

வீட்டுக்காரர் போனில் பேசி, 15,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டார். வண்டி திரும்பி வந்தபோது பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. கேஸ்கெட் செட், ஹெட் போல்ட், லேத்தில் ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), இன்ஜின் ஆயில், கூலன்ட், லேபர் என்று கையால் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றால் 18 சதவீதம் கூடப் போடுவோம் என்றார்கள். மீதியையும் ஜிபேயிலேயே அனுப்பினோம். பழைய கேஸ்கெட்டைக் கேட்டபோது, ஒரு சாக்குப் பையில் சுற்றி டிக்கியில் வைத்தார்கள். அதைக் கேட்டு வாங்கியதுதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது.

கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் பாட்டிலில் கூலன்ட் மறுபடி கீழ்க் கோட்டுக்கு இறங்கியது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. மாமா சொல்லி, பவானியில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனோம். போர்டுகூடச் சரியாக இல்லாத சின்னப் பட்டறை. எந்த வேலையும் தொடங்கும் முன் வண்டி முழுதாக ஆறட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார். ஆறியதும் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டினார். ப்ரெஷர் டெஸ்ட் என்பது இதுதான். சைக்கிள் பம்பு மாதிரி சின்னது, மேலே ஒரு மீட்டர். மூடியில் எழுதியிருந்த அளவுக்கு அடித்துவிட்டு, "இந்த முள்ளையே பார்த்துட்டு இருங்க அம்மிணி" என்றார். முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. அவர் டார்ச்சோடு குனிந்து ஒவ்வொரு ஹோஸாகப் பார்த்துக்கொண்டே போனார். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டில், அடிப்பக்கமாக, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தது போலக் காய்ந்த தடம். அழுத்தம் ஏற ஏற அங்கிருந்து ஒரு துளி திரண்டு, கீழே கியர் பாக்ஸ் மேல் விழுந்தது. ஓடும்போது அந்தச் சூட்டில் துளி ஆவியாகிவிடும், தரைக்கு வராது. அதனால்தான் கீழே ஈரமே தெரியவில்லை.

அந்தக் கூடு, புது கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பாட்டிலில் இருந்த பழைய கூலன்டை அவர் ஒரு வாளியில் பிடித்துக் காட்டினார். வெள்ளி நிறத்தில் பொடி பொடியாக மினுங்கியது. லீக்கை அடைக்கிற ஒரு மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் தாங்கியதற்குக் காரணம் அதுதான். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும் என்று சொல்லி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாமல் அலசினார்.

ஹெட் வேலை பார்த்த கதையைச் சொன்னதும் அவர் மேல் கவரைத் துடைத்துப் பார்த்தார். போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. சைலன்சர் மேனிபோல்டு (ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) நட்டில் பல வருடத் துரு அப்படியே இருந்தது. அதைக் கழற்றாமல் இந்த வண்டியில் ஹெட்டை எடுக்க முடியாதாம். பிறகு சாக்குப் பையைப் பிரித்து கேஸ்கெட்டை மேசை மேல் விரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்க வண்டி மூணு சிலிண்டருங்க அம்மிணி. இதுல பாருங்க, நாலு ஓட்டை இருக்குது."

எங்களுக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. வீட்டுக்காரரும் மாமாவும் அதை எடுத்துக்கொண்டு நேரே சத்திக்கு, அதாவது சத்தியமங்கலம் பட்டறைக்குப் போனார்கள். "பையன் மாத்தி வெச்சுட்டானுங்க" என்றார் ஓனர். சரி, எங்களுடையதைக் கொடுங்கள் என்றால் இல்லை. ஹெட் ஃபேஸிங் எந்த லேத்தில் செய்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் "வேணும்னா கேஸ் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். போட்டுவிட்டோம்.

உங்கள் வண்டியில் கூலன்ட் குறைந்தால் முதலில் வீட்டிலேயே பார்க்கக் கூடியவை சில உண்டு. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, பாட்டிலில் அளவைப் பாருங்கள், ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழே சொட்டினால் வெள்ளைத் தாளை விரித்து நிறமும் வாசமும் பாருங்கள். இடப்பக்கம் நிறமற்ற, வாசமற்ற தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான், அதைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மேட் ஈரமாகி, கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனி பிடித்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகலாம். வாட்டர் பம்பில் ஒரு சிறு துளை இருக்கும், அங்கே காய்ந்த தடம் இருந்தால் பம்பு சீல் போகத் தொடங்கிவிட்டது. எங்கேயும் ஒழுகவில்லை, அளவு மட்டும் குறைகிறது என்றால் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பாருங்கள். அதன் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தாலே கூலன்ட் ஆவியாகிப் போகும். சில நூறு ரூபாய் சாமான் அது. கீழே சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் அதற்கு விஷம்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். பல வருடம் அந்தத் தண்ணீரையே ஊற்றிய ரேடியேட்டரும் உள்ளே அப்படித்தான் பூத்துக் கிடக்கும். வழியில் நின்றுவிட்டால் கிடைத்த சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள், தப்பில்லை. ஊர் வந்ததும் அதை இறக்கிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்டை ஊற்றுங்கள். தண்ணீர் கலக்க வேண்டிய ரகமாக இருந்தால் பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் கலக்குங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது.

வழியில் நின்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். சேர்த்திருக்கிறோமா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பட்டறையில் விடும்போது வண்டியையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுங்கள். "ப்ரெஷர் டெஸ்ட் போட்டு எங்கே ஒழுகுதுன்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றி வைத்த நிலையில் நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பழைய சாமான் நம்முடையது, கேட்டு வாங்குங்கள்.

எங்கள் புகார் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. துண்டுச் சீட்டு, ஜிபே பதிவு, போட்டோக்கள், பவானி அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதம், அந்த நாலு ஓட்டை கேஸ்கெட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுத்தால் போதும், வக்கீல் கட்டாயம் இல்லை. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். சத்தி பக்கம் இதே மாதிரி ஹெட் வேலை பார்த்து, பழைய கேஸ்கெட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள்.